நுகர்வோன் கடனும் விளைப்போன் பொறுப்பும்

தீங்கு பயக்கும் பொருளொன்றை ஒருவன் விரும்பி வாங்குகின்றான், பல்லாண்டுகள் நுகர்கின்றான், ஈற்றில் நோயுறுகின்றான். அந்நோய்க்குப் பொறுப்பாளி யார்? வாங்கியவனா, செய்து விற்றவனா? அவனவன் செயலின் பயனை அவனவனே ஏற்கவேண்டும் என்பர் ஒரு சாரார். விற்று ஊதியம் பெற்றவனே விளைந்த கேட்டுக்கும் விடை கூறவேண்டும் என்பர் மற்றொரு சாரார். சென்ற நூற்றாண்டில் இவ்விரு கொள்கைகளும் நீதிமன்றங்களிற் பலகால் எதிர்த்து நின்றன. அவ்வழக்குகளுட் சிலவற்றை ஆராய்ந்து, இவ்வினாவுக்குத் தக்க விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் அடிப்படை

1928 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 ஆந் திகதி, ஸ்கொற்லாந்திலுள்ள பெயிஸ்லி நகரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில், மே டொனஹியூ என்னும் பெண்மணிக்கு அவர் தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். போத்தல் ஒளி ஊடுருவாதது. ஒரு பகுதியைப் பருகிய பின், எஞ்சியதை ஊற்றியபோது அழுகிய நத்தையொன்று வெளிவந்ததாக அவர் முறையிட்டார். பணங் கொடுத்தவர் தோழியாதலின், அவருக்கும் விற்பனையாளருக்குமிடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. பானத்தைச் செய்தவருக்கோ அவர் முற்றிலும் அந்நியர். எனினும் 1932 இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால், விளைப்போன் இறுதியில் நுகர்வோனுக்குக் கவனக் கடமை உடையவன் எனத் தீர்த்தது. நம் செயலால் ஊறு எய்தக்கூடியவர் எவரோ அவரே சட்டத்தின் கண்ணில் நம் அயலார் என்பது அற்கின் பிரபு வகுத்த நெறி. போத்தலில் உண்மையில் நத்தை இருந்ததா என்பது எந்நீதிமன்றத்திலும் எண்பிக்கப்படவில்லை. ஆயினும் நெறி நிலைத்தது.

இத்தீர்ப்பின் உயிர்நிலை யாது? நுகர்வோன் தன் கண்ணாற் காணமுடியாததை விளைப்போன் கண்டு தடுத்தல் வேண்டும் என்பதே. அவ்வாறாயின், எல்லார்க்கும் தெரிந்த தீங்கையுடைய பொருள் பற்றி யாது கூறுவது? புகையிலை வழக்குகள் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன.

புகையிலை வழக்குகள்

1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றிச்சாட் டொல், பிராட்போட் ஹில் என்போரும், அமெரிக்காவில் வைண்டர், கிரகம் என்போரும் சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனி ஆராய்ந்து வெளியிட்டனர். அமெரிக்க சிகரெட் கம்பனிகள் இதற்கு விடையாக, 1954 ஜனவரி 4 இல், நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஓர் அறிக்கையை வெளியிட்டன. தொடர்பு எண்பிக்கப்படவில்லை என்று அதிற் கூறின. மக்களின் உடல்நலத்தைத் தம் வாணிக நலன் யாவற்றினும் மேலான பொறுப்பாகக் கொள்வதாகவும் வாக்களித்தன. ஆகவே பொறுப்பு என்னும் சொல்லைக் கம்பனிகளே முதலிற் கையாண்டன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நியூ ஜேர்சியைச் சேர்ந்த றோஸ் சிப்பொலோன் என்னும் அம்மையார் பதினாறாம் வயதிற் புகைக்கத் தொடங்கியவர். மருத்துவர் பரிந்துரைத்தது போலத் தோன்றும் விளம்பரத்துடன் வந்த வடிகட்டிச் சிகரெட்டுக்கும் மாறினார். நுரையீரற் புற்றுநோயுற்று 1984 இற் காலமானார். அவர் தொடுத்த வழக்கில் 1988 இல் யூரர் தீர்ப்புக் கூறினர். எச்சரிக்கத் தவறியமை பற்றிய குற்றச்சாட்டில் நூற்றுக்கு எண்பது பங்கு பொறுப்பை அவர்மீதே சுமத்தினர். விளம்பரங்களில் அளித்த உறுதி பொய்த்தமைக்காக மட்டும் ஒரு கம்பனி அவர் கணவருக்கு நாலு இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றனர். அத்தொகையும் மேன்முறையீட்டில் நிலைக்கவில்லை. 1992 இல் உச்ச நீதிமன்றம் சில குற்றச்சாட்டுகளை மீண்டும் விசாரிக்க இடமளித்தபோதும், குடும்பத்தார் வழக்கைக் கைவிட்டனர்.

இத்தகைய வழக்குகளிற் கம்பனிகள் கூறிய எதிர்வாதம் ஊன்றி நோக்கற்பாலது. தீங்கு எண்பிக்கப்படவில்லை என்று பொதுமக்களுக்குக் கூறினர். தீங்கை எவரும் அறிவர், அறிந்தே புகைத்தனர் என்று நீதிமன்றத்திற்குக் கூறினர். இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. நிக்கொற்றின் மனிதரை அடிமைப்படுத்துவது என 1963 இலேயே ஒரு கம்பனியின் சட்ட ஆலோசகர் உட்குறிப்பொன்றில் எழுதியிருந்தார். அவ்வாறிருந்தும், 1994 இல் ஏழு கம்பனித் தலைவர்கள் அமெரிக்க மக்கட்பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் சத்தியஞ்செய்து, அது அடிமைப்படுத்துவதெனத் தாம் நம்பவில்லை என்றனர்.

அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் வேறொரு வழியைக் கண்டது. வறிய நோயாளருக்குத் தான் செலவிட்ட மருத்துவப் பணத்தைத் திருப்பித் தரும்படி மாநிலமே வழக்குத் தொடுத்தது. மாநிலம் புகைக்கவில்லை, ஆதலால் ‘நீயே விரும்பிப் புகைத்தாய்’ என்னும் விடை அங்கே செல்லவில்லை. ஏனைய மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1998 நவம்பரில் 46 மாநிலங்களுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 20,600 கோடி டொலர் கொடுக்கக் கம்பனிகள் இசைந்தன. 2006 இற் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, கம்பனிகள் பல்லாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின எனத் தீர்ப்பளித்தது.

உணவு பற்றிய வழக்குகள் இவ்வாறு செல்லவில்லை. மக்டொனால்ட்ஸ் உணவால் உடல் பருத்ததென நியூ யோர்க் இளைஞர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கை, 2003 இல் நீதிபதி தள்ளிவிட்டார். மிகுதியாக உண்டால் உடல் பருக்கும் என்பது எவரும் அறிந்ததே என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

இரு பொறுப்புகள்

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. தெரிவு என்பது அறிவும் விருப்பமும் கூடியது. உண்மையை மறைப்பவன் அறிவைக் கெடுக்கின்றான். அடிமைப்படுத்தும் பொருளைச் சிறுவர் கையிற் சேர்ப்பவன் விருப்பத்தைக் கெடுக்கின்றான். இவ்விரண்டையுங் கெடுத்தவன், ‘அவன் தெரிந்தே வாங்கினான்’ என்று வாதித்தல் முறையன்று. இவை கெடாதவிடத்து நுகர்வோன் பொறுப்பே மேலோங்கும்.

பொறுப்பு, ஒருவன் கொண்டால் மற்றவனுக்குக் குறையும் பண்டமுமன்று. கதவைத் திறந்துவைத்து உறங்கியவன் கவனமற்றவன்தான். அதனாற் களவாடியவன் குற்றம் குறைவதில்லை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை எனக் கூறி நுகர்வோன் கடனை உணர்த்துகின்றது. நடுவுநிலைமை அதிகாரமோ பிறர் பொருளையும் தம்பொருள் போலப் பேணுமாறு வணிகரைப் பணிக்கின்றது. இரண்டும் ஒரு நூலில் முரணின்றி அமைந்துள்ளன.

இது நமக்குப் புறம்பான ஆராய்ச்சியன்று. யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூருக்குச் சென்றது. நம்மவர் சுருட்டுக்கடைகள் தென்னிலங்கை நகரங்களில் இருந்தன. அவ்வருவாயாற் கல்வி பெற்று உயர்ந்த குடும்பங்கள் பல. அறியாக் காலத்துப் பயிரிட்ட முன்னோரைப் பழித்தல் அறமன்று. அறிந்த காலத்து வாழும் நாம் அறியாதார் போல இருத்தலும் அறமன்று. இலங்கையின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்து, இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கு விற்றலையும் விலக்கியது. கம்பனி தொடுத்த வழக்கின் பின், 2015 இற் சிகரெட் பெட்டியின் எண்பது வீதத்தைப் பட எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2016 முதல் இனிப்புப் பானங்களிற் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இடப்பட்டன. இவை நுகர்வோன் தெரிவைப் பறிப்பனவல்ல. அவன் அறிந்து தெரிவதற்குத் துணைசெய்வன.

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவருள் ஒருவர் வணிகராவார், ஒருவர் மருத்துவராவார், ஒருவர் வழக்கறிஞராவார், யாவரும் நுகர்வோரே. நுகருங்கால், ‘என் உடலுக்கு நானே பொறுப்பு’ என ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கூறிக்கொள்க. விற்குங்கால் அதே சொல்லைப் பிறர்மீது ஏவித் தமக்குக் கேடயமாக்காது ஒழிக. தனக்குத்தான் கூறும்போது அச்சொல் அறம்; தன்னிடம் வாங்கியவனுக்குக் கூறும்போது அது பெரும்பாலும் வெறுஞ் சாக்கு. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஒழுகுதலே கற்றதன் பயனாகும்.