உடைந்த கமராவோடு வருகிற பிள்ளைகளுக்கு

கிழமைக்கு ஒருவராவது கமராவைத் துவாயில் சுற்றிக்கொண்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கலியாண வீடும் கோயில் திருவிழாவும் படம் எடுத்தவன் என்று யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மாமா, இதைத் திருத்திறதோ, வேற வாங்கிறதோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

1. முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். விழுந்த கமராவையும் நனைந்த கமராவையும் "வேலை செய்யுதா" என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் ஓடும்போதுதான் உள்ளே இருக்கிற பலகை கெடுகிறது. அடுத்து மெமரி காட்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். 1983 ஆடிக் கலவரத்தில் காலி வீதிக் கடைகள் எரிந்தபோது நான் வேலை பழகிய ஸ்டூடியோவும் எரிந்தது. கமராக்களைப் பிறகு வாங்க முடிந்தது. ஆனால் பத்து வருடம் கழிந்தும் ஆட்கள் முதலாளியைத் தேடி வந்து, "அப்பாவின்ர நெகட்டிவ் ஒண்டாவது மிஞ்சியிருக்குமோ" என்று கேட்டார்கள். அவர் இல்லையென்று தலையாட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கமராவின் கதி என்னவாக இருந்தாலும், அதற்குள் இருக்கிற படங்கள் உங்களை நம்பி நின்றவர்களுடையவை.

2. எது உடைந்தது என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். "கமரா பழுது" என்பது நோயின் பெயர் அல்ல. கூட்டாளியின் லென்ஸை உங்கள் கமராவில் போட்டுப் பாருங்கள். உங்கள் லென்ஸை அவருடையதில் போட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். கெனன் திரையில் 'எரர் 01' என்று வந்தால் பல நேரம் குற்றம் லென்ஸில், அல்லது லென்ஸும் கமராவும் தொடுகிற உலோகப் புள்ளிகளில். அந்தப் புள்ளிகளைச் சுத்தமான துணியால் துடைத்ததும் எழும்பிய கமராக்கள் எனக்குத் தெரியும். விழுந்த கமராவுக்கு இன்னொரு சோதனை: வீரகேசரியின் ஒரு முழுப்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே கமராவை நிறுத்தி, ஒரு படம் எடுங்கள். எழுத்து ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், லென்ஸோ அது பூட்டுகிற வளையமோ கோணியிருக்கிறது. பிறகு வெள்ளைச் சுவரை எஃப்16இல் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது சென்சரில் படிந்த தூசி. சுத்தம் செய்தால் போகும். அதற்காக யாரும் கமரா மாற்றுவதில்லை.

3. திருத்துகிறவரிடம் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "எந்தப் பாகம்?" என்று கேளுங்கள். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். 2010ஆம் ஆண்டு ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். சுருவம் வெளியே வருகிற நேரத்து நெரிசலில் என் தோளிலிருந்து நிக்கொன் டி90 நழுவி வீதியில் விழுந்தது. கொண்டுபோய்க் கொடுத்த கடையில் பத்து நிமிடத்தில் "பொடி முடிஞ்சுது, புதுசு எடுங்கோ" என்றார்கள். அடுத்த வாரம் இரண்டு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். மனைவியின் காப்பை அடைவு வைத்துப் புதிது வாங்கினேன். மூன்று மாதம் கழித்துப் புறக்கோட்டையில் ஒரு மாடி அறையில் இருந்த வயதான திருத்துநர் அந்தப் பழைய கமராவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லென்ஸ் பூட்டுகிற உலோக வளையம் மட்டும் கோணியிருந்தது. சில திருகாணிகளைக் கழற்றி வளையத்தை மாற்றினார். அந்தக் கமரா பிறகும் ஆறு வருடம் உழைத்தது. காப்பை மீட்க எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. பாகத்தின் பெயரைச் சொல்ல முடியாதவர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்க மட்டும் ஒரு தொகை கேட்டால் கொடுங்கள். அது வீண்செலவு அல்ல.

4. திருத்தச் செலவைப் புதுக் கமராவின் விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே மாதிரி பாவித்த கமரா இன்று என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதோடு ஒப்பிடுங்கள். பாவித்தது 90,000 ரூபா, திருத்த 30,000 ரூபா என்றால் திருத்துங்கள். 60,000 என்றால் திருத்தாதீர்கள். பாதிக்கு மேல் போனால் நான் கையை எடுத்துவிடுவேன். இந்தக் கணக்கையும் வருடத்துக்கு வருடம் புதிதாகப் போட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது; மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. கமராவில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, விலை மட்டும் ஏறியது. அதற்கு முதல் வருடம் "எறி" என்று நான் சொல்லியிருக்கக்கூடிய கமராக்களை அந்த வருடம் "திருத்து" என்று சொன்னேன்.

பாதிக் கணக்கோடு ஷட்டர் கணக்கையும் சேருங்கள். நிக்கொன் டி750 போன்றவற்றின் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதாகக் கம்பனி சொல்கிறது. ஒரு கலியாணத்துக்கு 2,000 படம் எடுக்கிறவருக்கு அது 75 கலியாணம். நிக்கொன் தான் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண்ணிக்கையை எழுதி வைக்கிறது, கணினியில் பார்க்கலாம். 1,40,000 ஓடிய கமராவின் திரையை மாற்றப் பெரிய காசு செலவழிக்காதீர்கள். 20,000 மட்டும் ஓடியதென்றால் தயங்காமல் திருத்துங்கள்.

5. கடல்நீர் குடித்த கமராவைத் திருத்த வேண்டாம். மழையில் நனைந்தது வேறு. காயவைத்தால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. கடல்நீரில் ஏறக்குறைய 3.5 வீதம் உப்பு. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளே தங்கி, ஈயப்பற்றுகளை மெல்ல மெல்ல அரிக்கும். வெள்ளவத்தைக் கரையில் சோடிப்படம் எடுக்கும்போது அலை அடித்த கமரா இரண்டு நாளில் உயிர் பெற்று, இரண்டு மாதத்தில், கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் செத்துப் போகலாம். அப்படி ஒன்றை நம்பி மற்றவர்களின் நாளைப் பொறுப்பெடுக்காதீர்கள். இன்னொன்று, நனைந்த கமராவை அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி ஈரத்தை இழுப்பதைவிட அதன் தூள் உள்ளே போவதுதான் அதிகம்.

6. பூஞ்சணம்தான் கொழும்பில் நமக்கு வாய்த்த தனிச் சோதனை. வருடம் முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கிற ஊர் இது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் வீடு என்றால் உப்பும் சேரும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாகத் தொலைபேசியின் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் ஓரத்தில் படர்ந்திருந்தால் அதுதான். ஓரத்தில் தொடங்கியது படத்தில் தெரியாது. பயந்து விற்கவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். அது சுரக்கிற அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்னும். தின்ற பிறகு எவராலும் மீட்க முடியாது. முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ இருந்தால் சுத்தம் செய்விக்கலாம். ஒட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் புகுந்திருந்தால் கைவிடுங்கள். கமராவோடு வருகிற 18-55 லென்ஸில் பூஞ்சணம் என்றால் சுத்தம் செய்கிற கூலிக்கே பாவித்தது ஒன்று கிடைக்கும். நல்ல 70-200க்கு அந்தக் கூலி கொடுப்பது தகும்.

தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைக்கிற பழக்கத்தை விடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதன்மானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும்.

7. நீங்களே திறக்காதீர்கள். ஃபிளாஷ் உள்ள கமராவில் பற்றரியைக் கழற்றிய பிறகும் கொண்டேன்சரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும். கை நடுங்குகிற அடி அது. ஜப்பான் கமராக்களின் திருகாணித் தலையும் நாம் வீட்டில் வைத்திருக்கிற நட்சத்திரத் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலை தேய்ந்துவிட்டால், அதற்குப் பிறகு வருகிற திருத்துநர் உங்கள் கைவேலையையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

8. பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். உற்பத்தி நின்ற பிறகு கம்பனிகள் பொதுவாக ஏழு வருடம் போலத்தான் பாகம் வைத்திருக்கும். அதற்குப் பிறகு செத்த கமராவிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அது பிழையல்ல, ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும், பற்றுச்சீட்டில் எழுதவும் வேண்டும்.

9. வேறு வாங்குவதென்று முடிவானால் லென்ஸை விற்காதீர்கள். நிக்கொனின் எஃப் பூட்டு 1959இலிருந்தும் கெனனின் இஎஃப் பூட்டு 1987இலிருந்தும் இருக்கிறது. இன்றைய கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கமராவிலும் இடைவளையம் போட்டு அந்தப் பழைய லென்ஸ்களில் பெரும்பாலானவற்றைப் பாவிக்கலாம். கமரா மாறும், நல்ல லென்ஸ் உங்களோடு கிழடாகும். வட்டிக்கு வாங்கிய காசில் கமரா வாங்காதீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். அந்த வாரத்து வேலைக்கு வாடகைக்கு எடுங்கள், ஒரு மாதம் பொறுங்கள், பிறகு யோசியுங்கள். அவசரத்தில் வாங்கியதை நான் இன்றுவரை விரும்பியதில்லை.

10. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளை தகப்பனின் பழைய நிக்கொன் எஃப்எம்2ஐக் கொண்டுவந்தாள். மேலே எழுதிய எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. 1982இல் வந்த மாதிரி. ஷட்டர் முழுக்க இயந்திரம். பற்றரி வெளிச்சத்தை அளக்க மட்டும். சந்தை விலையைவிடத் திருத்தச் செலவு கூடினாலும் திருத்தென்றேன். தகப்பன் இருந்தபோது அவர் கண் வைத்துப் பார்த்த துவாரம் அது.

11. திருத்த முடியாததை எறியாதீர்கள். பற்றரி மூடி, ரப்பர், திருகாணி, பொத்தான் எல்லாம் யாருக்கோ தேவை. உங்களுக்குத் தெரிந்த திருத்துநரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். என்னிடமும் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. அந்த டி90 கடைசியில் செத்தபோது அதைக் கழற்றுவித்து அதற்குள்தான் போட்டேன். போன கிழமை பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு தம்பியின் கமராவுக்கு அதிலிருந்து பற்றரி மூடியை எடுத்துக் கொடுத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.