காட்டுப்பன்றியைச் சுட லைசென்ஸ் உண்டா? மணப்பாறை விவசாயிகளுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

கடலை காய் பிடித்து நிற்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று கொல்லைக்குள் இறங்கினால், ஒரே இரவில் மூன்று மாத உழைப்பு போய்விடும். காலையில் வரப்பில் நின்று பார்க்கும் விவசாயி கேட்கும் கேள்வி நியாயமானது: “என் பட்டா நிலத்துக்குள் வந்து என் பயிரை அழிக்கிறது. லைசென்ஸ் வாங்கிச் சுட முடியாதா?”

முடியாது. இந்தியாவில் இன்று வேட்டை லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நில உரிமையாளரின் சம்மதம் இருந்தாலே தனியார் நிலத்தில் பன்றியைச் சுடலாம். 2019 முதல் அங்கே அதற்கு லைசென்ஸ்கூடத் தேவையில்லை. அங்கே பன்றி சுடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் துணிந்துவிடக் கூடாது. அங்கே அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய விலங்கு. நம் காட்டுப்பன்றியோ இந்த மண்ணுக்கே உரியது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

அதற்காக விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சட்டத்தின் 11-ஆம் பிரிவு, இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ, விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டால், அதை வேட்டையாட எழுத்து மூலம் காரணம் கூறி உத்தரவிடும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும் தருகிறது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த காட்டுப்பன்றிக் கட்டுப்பாட்டு முறையும் இந்த வழியில் வந்ததுதான். அதைப் பயன்படுத்துவது எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எந்தப் பன்றி என்று உறுதி செய்யுங்கள்

மணப்பாறை நகரத்தை ஒட்டிய வயல்களில் மேய்வது பெரும்பாலும் யாரோ வளர்த்து அவிழ்த்துவிட்ட நாட்டுப்பன்றியாக இருக்கலாம். அது வனத்துறை விவகாரமே அல்ல. நகராட்சியிலோ ஊராட்சியிலோ புகார் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அதை நீங்களே கொன்றால், வளர்ப்பவரின் சொத்தை அழித்த வழக்கு உங்கள் மேல் வரும்.

காட்டுப்பன்றிக்குக் கழுத்திலிருந்து முதுகு வரை விறைத்த பிடரி மயிர் இருக்கும். உடல் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். ஆண் பன்றிக்குக் கொம்புப்பல் வெளியே தெரியும். குட்டிகளின் உடம்பில் நீளவாக்கில் வெளிர்கோடுகள் ஓடும். நேரில் பார்க்க முடியவில்லை என்றால் பக்கத்து மரங்களைப் பாருங்கள். சேற்றில் புரண்டுவிட்டு அடிமரத்தில் உரசிய காய்ந்த சேறும், அதில் ஒட்டிய முரட்டு மயிரும் நல்ல அடையாளம்.

படி 2: காப்புக்காட்டிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம்?

எல்லாமே இந்தத் தூரத்தை வைத்துத்தான். அரசு மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறது.

• காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை: சுட அனுமதி இல்லை.
• 1 முதல் 3 கிலோமீட்டர் வரை: வனத்துறையினர் பன்றியைப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும்.
• 3 கிலோமீட்டருக்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

மூன்றாவது வரியை மறுபடி படியுங்கள். சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல, அவர் அழைத்து வரும் துப்பாக்கிக்காரரும் அல்ல. கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டு, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுடும் ஏற்பாடு வந்தது. அந்த முறை இங்கே இல்லை.

தூரத்தைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். பொன்னணியாறு பக்கமோ துவரங்குறிச்சி பக்கமோ மலையடிவாரத்தை ஒட்டிய நிலங்களில், காட்டின் எல்லை நாம் நினைக்கும் இடத்தில் இருக்காது. புல எண்ணைச் சொல்லி வனவரிடம் கேட்டு, எல்லைக் கல்லிலிருந்து உங்கள் வரப்பு வரையுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நிலம் யாருடையது என்று பாருங்கள்

பட்டா நிலம் என்பதால் விலங்கின் மேல் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. ஆனால் மனு கொடுக்கவும், சேதத்துக்கு நிவாரணம் கேட்கவும் அந்தப் பட்டாதான் அடிப்படை.

புறம்போக்கில் வேறு சிக்கல். பகலெல்லாம் பன்றிகள் படுத்திருப்பது குளத்துக்குள்ளும் வாரியோரத்திலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலப் புதரில்தான். அதை வெட்டி அகற்றச் சொல்லி ஊராட்சிக்கும், குளம் எந்தத் துறையிடம் இருக்கிறதோ அந்தத் துறைக்கும் தனி மனு கொடுங்கள். ஒளிய இடம் இல்லாத ஊரில் பன்றிக் கூட்டம் நிலைத்துத் தங்காது.

காப்புக்காட்டுக்குள் விரட்டிக்கொண்டு போகவே கூடாது. மேற்கே அய்யலூர், கடவூர் மலைகள் 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் ஆயுதம் கொண்டுபோவதும் தனித்தனிக் குற்றங்கள்.

படி 4: சேதத்தைப் பதிவு செய்யுங்கள்

கோபத்தில் வயலை உடனே சரிசெய்துவிடாதீர்கள். பார்வையிட வருபவர்களுக்குக் காட்டத் தடயம் வேண்டும்.

• தேதியும் இடமும் பதிவாகும்படி செல்போனில் படம் எடுங்கள். முதலில் முழு வயல், பிறகு சேதமான பகுதி, கடைசியில் நெருக்கத்தில் குளம்புத் தடம்.
• தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும்.
• கடலையில் செடியோடு பறித்துக் காயை மட்டும் தின்றிருக்கும். மக்காச்சோளத்தில் தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடித்திருக்கும். இரண்டையும் படத்தில் காட்டுங்கள்.
• சேதமான பரப்பைச் சென்ட் கணக்கில் அளந்து எழுதுங்கள்.

படி 5: மனு எழுதுங்கள்

ஒரே பக்கம் போதும். விலாசம்: வனச்சரக அலுவலர். நகல்: மாவட்ட வன அலுவலர், திருச்சிராப்பள்ளி, வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

“எனக்குச் சொந்தமான இன்ன புல எண்ணில் சாகுபடி செய்துள்ள நிலக்கடலைப் பயிரை இன்ன தேதி இரவு காட்டுப்பன்றிகள் சேதப்படுத்தியுள்ளன. சேதமான பரப்பு இத்தனை சென்ட். நிலம் காப்புக்காட்டு எல்லையிலிருந்து இவ்வளவு தூரத்தில் உள்ளது. தலத்தணிக்கை செய்து, அரசின் காட்டுப்பன்றிக் கட்டுப்பாட்டு நடைமுறைப்படி நடவடிக்கை எடுக்கவும், பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் வழங்கவும் வேண்டுகிறேன்.”

சிட்டா, அடங்கல், ஆதார் நகல், புகைப்படங்கள், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை இணையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். கையெழுத்து இல்லாத மனு கொடுக்காத மனுதான். பதில் வரவில்லை என்றால் அந்த ஒப்புதல் நகலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே வன அலுவலரும் இருப்பார், கேள்வி பதிவாகும்.

படி 6: குழு வரும்போது உடன் நில்லுங்கள்

பன்றி நடமாட்டத்தை உறுதி செய்ய வனத்துறை, கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் ஆகியோரைக் கொண்ட கிராம அளவிலான குழுவுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. அவர்களிடம் பன்றி வரும் வழி, வரும் நேரம், எத்தனை உருப்படி, குட்டி இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். சுடும் நடவடிக்கை நடக்கும் இரவில் ஆடு மாடுகளையும் ஆட்களையும் வயல் பக்கம் விடாதீர்கள். வேடிக்கை பார்க்கப் போகும் கூட்டம்தான் பெரிய ஆபத்து.

செத்த பன்றி அரசின் சொத்து. அதன் கறியை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். தானாகச் செத்துக் கிடந்தால் தொடவும் வேண்டாம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இறந்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால். மனிதருக்கு அது வராது. ஆனால் ஊரில் வளர்க்கும் பன்றிகளை மொத்தமாக அழித்துவிடும்.

படி 7: வேலியை முறைப்படி போடுங்கள்

சேலை கட்டுவது, முடி தூவுவது எல்லாம் சில நாள் பலன் தரும். பன்றி பழகிவிட்டால் தாண்டி வந்துவிடும். சூரிய மின்வேலி நீடித்த பாதுகாப்பு. அது பேட்டரியில் இயங்கி, விட்டு விட்டு நொடிக்கும் குறைவான நேரம் அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. பன்றிக்கான வேலியில் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரக் கூடாது. அதைத் தொடும் களையை அடிக்கடி வெட்டிவிட வேண்டும். காட்டை ஒட்டிய பகுதிகளில் மின்வேலிக்கு அனுமதியும் பதிவும் தேவை என்று 2023-இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்துள்ளன. பொருள் வாங்கும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் உண்டா என்பதை வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை

• மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரரும், சில வேளை போட்டவரே கூடவும் செத்துப்போகிறார்கள். மின்திருட்டு வழக்கும் உயிர்ப்பலி வழக்கும் சேர்ந்து வரும்.
• அவுட்டுக்காய் வைப்பது. பழத்துக்குள் வெடி மருந்து வைக்கும் இந்தப் பழக்கம் யானைகளின் வாயைக் கிழித்திருக்கிறது. மாடும் கடிக்கும், குழந்தையும் எடுக்கும்.
• சுருக்குக் கம்பி, விஷம், கண்ணி. சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, விரட்டிப் பிடிப்பது, அவற்றுக்கு முயல்வது எல்லாம் அதில் அடங்கும்.
• பயிர்ப் பாதுகாப்புக்கென வாங்கிய துப்பாக்கி உரிமத்தை வேட்டை அனுமதி என்று நினைப்பது. ஆயுதம் வைத்திருக்க மட்டுமே அது செல்லும்.

பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பன்றி நேரே பாய்ந்து வந்து உயிர் காக்க அடித்தால் அது குற்றமாகாது. ஆனால் உடனே, தாமதமின்றி வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள். சொல்லாமல் புதைத்தால் தற்காப்பு என்ற வாதமும் சேர்ந்து புதைந்துபோகும்.

இனி ஒரு வேண்டுகோள். 2015, 2016-இல் பீகாரிலும் உத்தரகாண்டிலும் குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட காலத்துக்கு மத்திய அரசு காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்காக அறிவித்தது. அப்படியொரு முடிவானாலும், சுடுவதற்கான உத்தரவானாலும், சேதக் கணக்கு காகிதத்தில் இருந்தால்தான் நகரும். தனி ஒருவரின் ஒரு மனு எளிதில் தள்ளிப்போகும். அடுத்தடுத்த புல எண்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து தேதிவாரியாகச் சேதத்தை எழுதிக் கொடுத்தால் அதைத் தள்ளுவது கடினம். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும் முன்பே ஊர்க்கூட்டம் போட்டு, ஒரு பொது நோட்டு தொடங்கி, தூரம் அளந்து, புதர் அகற்றும் மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள். பன்றி வந்த பிறகு ஓடுவதைவிட அது பயிரையும் காக்கும், உங்களை வழக்கிலிருந்தும் காக்கும்.