கறுப்பு கோட்டைக் கழற்றிய பிறகு

வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மனநலக் கொள்கைப் பணிக்குப் போகலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். சில விஷயங்களை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் பார் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுங்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கு நடத்த முடியாது. தொழிலை முறைப்படி நிறுத்தி வைத்தால், பிறகு திரும்பி வரவும் வழி இருக்கும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை முழுசாகப் படியுங்கள். நம்மவர்களில் பலருக்கு, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்கிற 115-ஆம் பிரிவோடு சரி. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமான இடம் 21-இல் இருக்கிறது. சங்கிலியால் கட்டக் கூடாது என்பது 95. இதைப் படிக்கும்போது ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு மாதமாவது சும்மா உட்காருங்கள். நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா மஞ்சப்பையைத் திறந்து பழைய சீட்டு, ரேஷன் கார்டு, காலி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் என் பக்கத்தில் பரப்பினார். நானோ அவர் மகனுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருப்பதை விளக்க ஆரம்பித்தேன். “அது கெடக்கட்டும் சார். ரெண்டு பஸ் மாறி வர்றோம். இந்த மாத்திரை எங்க ஊர்ப்பக்கமே கிடைக்குமா?” கிடைக்க வேண்டும். சமுதாய சுகாதார நிலையத்திலிருந்தே இலவசமாகத் தர வேண்டும் என்று 18-ஆம் பிரிவில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

செய்யக்கூடாதவை

‘சித்த சுவாதீனமற்றவர்’ என்ற கோர்ட் வார்த்தையைக் கட்டோடு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எதிர்த்தரப்பைத் தேடாதீர்கள். இந்தப் பழக்கம் லேசில் போகாது. மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியோ தலைவர் என்றதும் நமக்குக் குறுக்கு விசாரணை ஞாபகம் வந்துவிடும். தம்பியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, லீவு கிடைக்காமல் ஊர் திரும்பிய அண்ணனைக் கூண்டில் ஏற்றி என்ன நிரூபிக்கப் போகிறோம்?

டாக்டர் வேலையும் பார்க்காதீர்கள்.

சட்டம் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா அமலானதும் தற்கொலை முயற்சிக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு போய்விட்டது என்று கொண்டாடினோம். புதிய சட்டத்தின் 226-ஆம் பிரிவைப் பலர் கவனிக்கவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கும் நோக்கிலோ நிர்ப்பந்திக்கும் நோக்கிலோ தற்கொலைக்கு முயன்றால் இன்றும் குற்றம்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் பைகளைச் சோதித்து மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டா கிடைக்காமல் வந்து மேலே ஊற்றிக்கொள்பவரை 115 காப்பாற்றுமா, 226 பிடித்துக்கொள்ளுமா? 115-ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 309-ஐ மட்டும்தான்.

இதைச் சரிசெய்யும் திருத்த வரைவை எழுத, பிரிவுகளை வரி வரியாகப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வருகிறவர்கள் அதில் தொடங்குங்கள்.