ஹீற்றர் திருத்திய பின் நீர் ஒழுகினால்

மலைநாட்டின் அதிகாலைக் குளிரில் வாகனம் ஓட்டுபவருக்கு ஹீற்றர் ஆடம்பரப் பொருளன்று. முன்கண்ணாடியில் படியும் மூட்டத்தை நீக்கிப் பாதையைக் காட்டுவது அதுவே. யப்பானில் பாவிக்கப்பட்டு வந்த எமது வானிலும் ஹீற்றர் பழுதடைந்தது. கராஜ் ஒன்றில் கொடுத்துத் திருத்தினோம். மூன்றாம் நாள், நோயுற்ற தாய் ஒருவரை ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஏற்றத்தில் செல்கையில் ஹீற்றர் திடீரெனக் குளிர்காற்றை வீசியது. வெப்பமானி முள்ளும் கீழே இறங்கியது. "சூடு குறைந்து விட்டது, பயமில்லை" என்று எண்ணி மேலும் ஓட்டினோம். சற்று நேரத்தில் என்ஜின் நின்றுவிட்டது. அந்தத் தாயை வேறொரு வாகனத்தில் அனுப்பி வைத்தோம். என்ஜினின் தலைப்பகுதி வளைந்து போயிருந்தது.

நாம் அறியாதிருந்தது

ஹீற்றருக்குத் தனியான நீர் கிடையாது. என்ஜினைச் சுற்றிவரும் அதே கூலன்ற் நீரே, இரு றப்பர் குழாய்கள் வழியாக ஹீற்றருக்குச் சென்று திரும்புகிறது. ஆகவே அங்கே சிறு ஒழுக்கு ஏற்பட்டாலும் என்ஜின் முழுவதுமே வற்றிவிடும். நீர் குறைந்ததும் முதலில் குளிர்வது ஹீற்றர்தான். நீர் வற்றிய இடத்தில் வெப்பமானியின் உணர்கருவியும் சரியான சூட்டைக் காட்டாது. முள் இறங்கியதன் பொருள் இதுவே.

என்ஜின் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் இயங்குகிறது. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். றேடியேற்றர் மூடி அமுக்கத்தைத் தேக்கி, இக்கொதிநிலையை ஏறத்தாழ 20 பாகை உயர்த்துகிறது. ஒழுக்கு ஏற்பட்டால் அந்த அமுக்கமும் போய்விடும்.

தேட வேண்டிய இடங்கள்

1. குழாய் முனைகள்: எமது வானில் பழைய, இறுகிப்போன குழாயையே மீண்டும் மாட்டியிருந்தார்கள். கிளிப்பும் உலோகக் குழாயின் மேடான விளிம்புக்கு உட்புறமாக இல்லாமல், அதன் ஓரத்திலேயே இருந்தது. முதல் ஓட்டத்தின் பின், என்ஜின் ஆறியதும், கிளிப்புகளை மீண்டும் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் குழாய் வெட்டுப்படும்.

2. வானின் உட்புறம்: கால்விரிப்பில் ஈரம், இனிப்பு மணம், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற மூட்டம் என்பன ஹீற்றரே ஒழுகுவதன் அறிகுறிகள். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீருக்கு நிறமோ வழுக்கலோ இராது.

3. வெளியே ஒழுக்கு இல்லாமல் நீர் குறைதல்: திருத்தத்தின்போது உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறுவதால் முதல் சில நாட்கள் மட்டம் சற்றுக் குறையலாம். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய என்ஜினை மூடி திறந்தபடி இயக்கி, குமிழிகள் நிற்கும்வரை நீர் சேர்க்க வேண்டும். பின்னரும் குறைந்துகொண்டே போனால் கராஜில் அமுக்கச் சோதனை செய்விக்க வேண்டும்.

வழியில் நேர்ந்தால்

உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். என்ஜின் நன்கு ஆறும்வரை பொறுங்கள். சூடான என்ஜினில் குளிர்நீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். ஒழுக்கு ஹீற்றரில் எனில், பல வாகனங்களில் அதன் இரு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, சுத்தமான நீர் நிரப்பி வீடு சேரலாம். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

சிந்திய கூலன்ற் நீரை நிலத்தில் விடாதீர்கள். எதிலீன் கிளைக்கோல் கலந்த கூலன்ற் இனிப்பானது, ஆனால் நஞ்சு. நாய்களும் சிறுவர்களும் அதனைச் சுவைத்துவிடக்கூடும்.

பத்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் ஒரு கிளிப்போடு முடிந்திருக்கும் செலவு, எமக்குப் பல மாத எரிபொருட் பணமாயிற்று.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் வாகனத்தின் கூலன்ற் மட்டத்தைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது?
2. திருத்திய வாகனத்தைப் பொறுப்பேற்கையில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் எவை?
3. முள் இறங்குவது எப்போதும் நற்செய்தியா?