கியோட்டோவுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கியோட்டோ பயணத் திட்டத்தைப் பார்த்தேன். நவம்பர் மூன்றாம் வாரம், நாலு நாள், பதினெட்டு இடங்கள். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸில் என்பது வரை குறித்திருக்கிறாய். உன் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதே போன்ற ஒரு பட்டியலை எந்த ஊருக்கும் போட்டுவிடலாம். 794 முதல் 1869 வரை, ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு நாட்டின் தலைநகராக இருந்த ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பு அதில் எங்கும் தென்படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: பழைய தலைநகரைப் புகழின் வரிசையில் பார்க்காதே, காலத்தின் வரிசையில் பார். இந்த ஊரை எப்படித் திட்டமிட்டார்கள்? எப்படி அழிந்தது? அழிந்ததை யார் எடுத்துக் கட்டினார்கள்? அரசர் போன பிறகு எப்படிப் பிழைத்தது? நாலு கேள்விகள். உனக்கு இருப்பதும் நாலு நாள்தான்.

காலவரிசை எதற்கு என்று கேட்பாய். கியோட்டோவில் நீ பார்க்கப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை நீ நினைக்கும் அளவுக்குப் பழையவை அல்ல என்பதுதான் காரணம். அரண்மனை என்று காட்டுவார்களே, அந்தக் கட்டடங்கள் 1855-இல் எழுந்தவை. மலைச்சரிவில் மேடை நீட்டி நிற்கும் கியோமிசு கோயில் 1633-இல் திரும்பக் கட்டியது. எல்லோரும் படம் எடுக்கும் பொன்மாளிகை கின்காக்குஜி 1397-இல் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் அதை 1950-இல் ஓர் இளந்துறவி தீ வைத்து எரித்துவிட்டார். இன்று குளக்கரையில் நிற்பது 1955-இல் முடிந்தது. இதெல்லாம் தெரியாமல் போனால் எல்லாமே ‘ரொம்பப் பழசு’ என்ற ஒரே மூட்டையாகிவிடும். எது எப்போது போயிற்று, எது எப்போது திரும்பி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால், ஒவ்வொரு கட்டடமும் தனக்கு முந்தைய நூற்றாண்டுக்குப் பதில் சொல்வது புரியும்.

முதல் நாளை ஊரின் வரைபடத்துக்குக் கொடு. கன்மு பேரரசர் நாராவை விட்டு விலகி, நாகாவோகாவில் பத்தாண்டு இருந்து பார்த்து, கடைசியில் இங்கே வந்து 794-இல் புதுத் தலைநகர் அமைத்தார். சீனத்துத் தாங் வம்சத்தின் சாங்கான் நகரம்தான் மாதிரி: வடக்கே அரண்மனை, கிழக்கு மேற்காக எண்ணிட்ட பெருவீதிகள், நடுவில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 84 மீட்டர் அகலத்தில் சுசாக்கு ராஜவீதி, அதன் கோடியில் ரஷோமோன் வாசல். மூன்றாம் வீதி, நான்காம் வீதி, ஐந்தாம் வீதி என்று அன்று வைத்த பெயர்களில்தான் இன்றும் அங்கே வழி சொல்கிறார்கள். கட்டடங்கள் எத்தனையோ முறை எரிந்தும் இந்தக் கட்டம் போட்ட தெருக்களின் அமைப்பு அழியவில்லை. கியோட்டோவில் 1200 வயதானது என்று துணிந்து சொல்லத்தக்கது அதுதான். ரஷோமோன் நின்ற இடத்துக்கு அவசியம் போ. குழந்தைகள் விளையாடும் சிறு பூங்கா ஒன்றில் ஒரு கல்தூண் மட்டும் நிற்கிறது, பக்கத்திலேயே சறுக்குமரம். ஒரு பேரரசின் தலைவாசல் இவ்வளவாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே பத்து நிமிட நடையில் தோஜி கோயில். வாசலின் இருபுறமும் காவலாக எழுந்த இரண்டு கோயில்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். 55 மீட்டர் உயரமுள்ள அதன் ஐந்தடுக்குக் கோபுரம் நாலு முறை எரிந்து, ஐந்தாம் முறையாக 1644-இல் எழுந்தது. ஆனால் கோபுரத்தைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதே. விரிவுரை மண்டபத்துக்குள் போ. கூகாய் என்ற பெருந்துறவி வகுத்த முறைப்படி 21 சிலைகள் அங்கே இருக்கின்றன. 1486-இல் மண்டபம் எரிந்தும், அவற்றில் 15 ஒன்பதாம் நூற்றாண்டுச் சிலைகளாகவே தப்பியிருக்கின்றன. ஒரு கோடியில் நான்கு முகம், நான்கு கையோடு தாமரையில் ஒருவர் அமர்ந்திருப்பார். தாமரையை நான்கு அன்னங்கள் தாங்கும். மறுகோடியில் யானைமேல் ஒருவர், கையில் வஜ்ராயுதம். பெயர்ப்பலகையைப் படிக்காமலே உனக்கு அவர்களைத் தெரியும்: பிரம்மாவும் இந்திரனும். இந்தியாவில் பிறந்து, பௌத்தத்தோடு சீனம் வழியாக நடந்து, இங்கே காவல் தெய்வங்களாக நின்றுவிட்டவர்கள். ஒரு தலைநகர் தன் அதிகாரத்துக்குத் துணையாக எவ்வளவு தொலைவிலிருந்து தெய்வங்களை வரவழைத்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

இரண்டாம் நாள் அழிவுக்கு. வரைபடத்தில் சமமாக இருந்த ஊர், தரையில் சமமாக நிற்கவில்லை. மேற்குப் பாதி தாழ்ந்த ஈரநிலம். குடியிருப்பு மெல்லக் கிழக்கே நகர்ந்தது. பழைய அரண்மனை வளாகம் பலமுறை எரிந்து, 1227-க்குப் பிறகு கைவிடப்பட்டது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. வாரிசுச் சண்டையில் இரு பிரபுக் கூட்டங்கள் தலைநகருக்குள்ளேயே எதிரெதிரே பாசறை அமைத்துப் பத்தாண்டு போரிட்டன. அந்தத் தீக்குத் தப்பியவற்றில் ஒன்று, பயணக் கையேடுகள் அதிகம் கவனிக்காத சென்போன் ஷகாதோ. அதன் 1227-ஆம் ஆண்டு மண்டபம்தான் பழைய நகர எல்லைக்குள் நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடம். அதைச் சுற்றியிருக்கும் நிஷிஜின் பகுதிக்குப் பெயர் தந்தது மேற்கு அணியின் பாசறை. போர் முடிந்ததும் ஓடிப்போன நெசவாளர்கள் அதே மண்ணுக்குத் திரும்பித் தறி போட்டார்கள். பட்டு நெசவு இன்றுவரை அங்கே நடக்கிறது. பிற்பகலில் ஊரின் தென்கிழக்கே சான்ஜூசாங்கென்தோ கோயிலுக்குப் போ. 1266-இல் திரும்பக் கட்டிய நீண்ட மண்டபம். உள்ளே ஆளுயரத்தில் ஆயிரமும் நடுவில் பெரிதாக ஒன்றுமாக கருணைத் தெய்வமான கன்னோனின் 1001 சிலைகள். வேகமாக நடந்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். அப்படி வராதே.

மூன்றாம் நாள், எடுத்துக் கட்டியவர்களுக்கு. போரில் சிதைந்த ஊரை, அப்போது நாட்டை ஆண்ட படைத்தலைவர் ஹிதெயோஷி 1590-களின் தொடக்கத்தில் மாற்றி அமைத்தார்: சதுரமான மனைகளை நடுவில் பிளந்து புதுத் தெருக்கள் போட்டார், கோயில்களை ஒரே வரிசையாக நகர்த்தினார், ஊரைச் சுற்றி 23 கிலோமீட்டருக்கு மண்கரை எழுப்பினார். தெருமுகம் குறுகி உள்ளே நீண்டு போகும் வணிகர் வீடுகளை நீ பார்ப்பாய். அந்த நீள மனைகளில் பலவற்றுக்கு வழிவகுத்தது அவர் போட்ட தெருக்கள். அடுத்து, ஷோகுன் என்ற படையாட்சியாளர்களாக ஆண்ட தோகுகாவா வம்சத்தைத் தொடங்கிய இயேயாசு 1603-இல் கட்டிய நிஜோ கோட்டை. அதன் அரண்மனைத் தாழ்வாரத்தில் நடக்கும்போது அடிக்கு அடி பலகை கீச்சிடும். தரைக்கு அடியில் இரும்பு ஆணியும் கொக்கியும் உரசுவதால் வரும் ஒலி அது. அதே அரண்மனையின் பெரிய கூடத்தில்தான் 1867-இல் அந்த வம்சத்தின் கடைசி ஷோகுன் ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பித் தரும் முடிவை அறிவித்தார். ஒரு வம்சத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே கூரையின் கீழ். இதற்குப் பிறகு கின்காக்குஜிக்குப் போ. அப்போதுதான் 1955 என்ற ஆண்டு உன்னை உறுத்தாது.

‘திரும்பக் கட்டியதென்றால் போலிதானே, அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்?’ என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மரத்தில் கட்டும் நாட்டில் பழமை என்பது பொருளில் மட்டும் தங்குவதில்லை. செய்யத் தெரிந்த கையில் தங்குகிறது. சைப்ரஸ் மரப்பட்டை வேய்ந்த கூரையைச் சில பத்தாண்டுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி வேய வேண்டும். கியோமிசு கோயிலின் பெரிய கூரையை அப்படித்தான் வேய்ந்து 2020-இல் பணி முடித்தார்கள். பட்டை உரிக்கத் தெரிந்தவரும் வேயத் தெரிந்தவரும் தலைமுறைதோறும் இருந்தால்தான் அந்தக் கோயில் நிற்கும். திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்திய நம் ஊர்க் கோயிலை யாரும் புதுக்கோயில் என்று சொல்வதில்லை அல்லவா? அந்தக் கண்ணோடு பார். இன்னொன்றும் சேர்த்து நினைவில் வை: 1945-இல் அணுகுண்டு இலக்குப் பட்டியலில் கியோட்டோவும் இருந்தது. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக அதை நீக்கினார். பிறகு பட்டியலில் சேர்ந்தது நாகசாகி. இந்த ஊர் தப்பியதற்கு இன்னொரு ஊர் விலை கொடுத்திருக்கிறது. அதை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் வியப்பது சரியல்ல.

நாலாம் நாள்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உன் பட்டியலில் அதற்கு ஓர் இடம்கூட இல்லை. 1869-இல் பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட்டார். அரசவையை நம்பிய பிரபுக்களும் வணிகர்களும் பின்னாலேயே போனார்கள். ஐந்தாண்டுக்கு முன் எழுந்த பெருந்தீயின் தழும்பு வேறு. இப்படித் தலைநகர்ப் பட்டம் போனபின் உறங்கிவிட்ட ஊர்கள் ஆசியாவில் ஏராளம். கியோட்டோ மக்கள் அதே 1869-இல் பேட்டைக்குப் பேட்டை 64 தொடக்கப்பள்ளிகளைத் திறந்தார்கள். ஜப்பான் அரசு நாடு முழுவதற்கும் பள்ளிச் சட்டம் கொண்டுவந்ததோ 1872-இல்தான். அடுப்புக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு காசு போட்டார்கள், பிள்ளை இல்லாத வீடும் சேர்த்து. அப்படிப் பிறந்த பள்ளிகளில் ஒன்றின் கட்டடத்தில் 2006 முதல் மாங்கா அருங்காட்சியகம் நடக்கிறது. கராசுமா ஓய்கே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம். அங்கே படக்கதை பார்க்கப் போ, பள்ளியையும் பார். பிறகு மெட்ரோவில் கெஆகே போய் இறங்கு. பிவா ஏரித் தண்ணீரை மலையைக் குடைந்து ஊருக்குக் கொண்டுவந்த கால்வாய் அங்கேதான் ஊரை எட்டுகிறது. தனாபே சாகுரோ என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் 1885-இல் தொடங்கி 1890-இல் முடித்தார்கள். 1891-இல் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். 1895-இல் அந்த மின்சாரத்தில் ஜப்பானின் முதல் மின்சார டிராம் ஓடியது. நிலையத்துக்கு அருகில் செங்கற்களைத் திருகுபோல் சாய்த்து அடுக்கிய குட்டிச் சுரங்கவழி இருக்கிறது. அதன் வழியே போனால் நான்சென்ஜி கோயில். மரக்கோயில் வளாகத்துக்கு உள்ளேயே செங்கல் வளைவுகள் தாங்கும் நீர்ப்பாலம், மேலே இன்றும் ஓடும் தண்ணீர். வாழ்க்கையை விடாத தலைநகர் எப்படி இருக்கும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இனி உன் மறுப்புகளுக்கு வருகிறேன். ‘இவ்வளவு செலவு செய்து போய்விட்டு ஃபுஷிமி இனாரி கோயிலும் மூங்கில் காடும் பார்க்காமல் வருவதா?’ என்பாய். வேண்டியதைப் பார், ஆனால் நாளின் முதுகெலும்பாக அதை வைக்காதே. ஃபுஷிமி இனாரிக்குக் கதவடைப்பு இல்லை. விடிந்ததும் போய்க் காலை உணவுக்குத் திரும்பிவிடலாம். பதினெட்டு இடத்தையும் பிடிக்க நினைத்தால் பாதிப் பகல் பஸ்ஸில்தான் கழியும். நவம்பரில் இலைகள் சிவக்கும் காலத்தில் அந்த பஸ்களில் ஊர்க்காரர்களே ஏற முடியாமல் நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் சீட்டை 2024-இல் நிறுத்தியதற்கும் அந்த நெரிசல்தான் பின்னணி. மெட்ரோவையும் உன் கால்களையும் நம்பு. ‘இலையழகை விட முடியாது’ என்றால் நவம்பரிலேயே போ. கூட்டம் பொறுக்காது என்றால் ஜனவரி, பிப்ரவரி நல்லது, குளிர் மட்டும் தாங்க வேண்டும். ‘இப்படிப் பாடம்போல் படித்துவிட்டுப் போனால் இன்பம் போய்விடாதா?’ என்பதும் உன் மனதில் இருக்கும். தெரியாத ராகத்தைவிடத் தெரிந்த ராகம்தான் காதில் தங்குகிறது, ஊரும் அப்படியே. நாளுக்கு இரண்டு மூன்று இடம் என்று வைத்தால், வழிதவறி ஒரு சந்தில் நுழையவும் உனக்கு நேரம் மிஞ்சும்.

சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அங்கே காய்கறிக் குழம்பிலும் சோபா நூடுல்ஸ் சாற்றிலும் பெரும்பாலும் உலர்ந்த மீனின் சாறு சேர்ந்திருக்கும்; இறைச்சி இல்லை என்று சொன்னால் போதாது, மீன்சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக் காட்டு. கோயில் சார்ந்த துறவிகளின் சமையலும் நான்சென்ஜி அருகில் கிடைக்கும் சூடான டோஃபுவும் உனக்குப் பொருந்தும். டோஃபுவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில் மீன் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். கோயில்களில் பல மாலை நாலரை, ஐந்துக்குள் மூடிவிடும் என்பதையும் கணக்கில் எடு.

கடைசியாக ஒன்று. கியோன் பகுதியில் வேலைக்குப் போகும் கெய்ஷா பெண்களையும், பயிற்சியில் இருக்கும் மைகோ பெண்களையும் வழிமறித்துப் படம் எடுப்பவர்கள் பெருகிவிட்டதால், 2024-இல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். ஊரைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்த்ததால் மூடிய கதவு அது. ஊர் என்பது அங்கே பிழைப்பவர்களுடையது. நாம் நாலு நாள் விருந்தாளிகள். காலத்தின் வரிசையில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அந்த வரிசையின் கடைசிக் கண்ணி இன்று அங்கே வாழும் மக்கள்தான் என்பது அப்போது தானாகப் புரியும். உன் பதினெட்டு இடங்களை ஒன்பதாகக் குறைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எரிந்த ஆண்டையும் எழுந்த ஆண்டையும் எழுதி, புதுத் திட்டத்தை எனக்கு அனுப்பு. அதற்குப் பிறகு டிக்கெட் எடு.

அன்புடன்,
பெரியப்பா