கூட்டுப் பயிற்சியில் இளநாயின் ஊக்கம் குன்றாதிருத்தல்

பல்லேபொலவில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்குக் குரங்கு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மயில் என்பவற்றால் நேரும் இழப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2025 மார்ச் 15 ஆந் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் மக்கள் தத்தம் காணியில் நின்று குரங்குகளையும் மயில்களையும் எண்ண நேர்ந்தமையே இத்தொல்லையின் அளவைக் காட்டும். காவலுக்கு ஆள் கிடைப்பது அரிதாகும்போது நாயே கமக்காரருக்குத் துணையாகின்றது.

ஆயினும் பழக்கப்படாத நாயால் நன்மையினும் கேடே அதிகம். பன்றியின் மணம் பட்டதும் அது மரக்கறிப் பாத்திகளை மிதித்துக்கொண்டு காட்டினுள் ஓடும். அங்கே கம்பிக் கண்ணியும், இரையினுள் மறைத்து வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வெடியும், சட்டவிரோதமாக இழுக்கப்பட்ட மின்கம்பியும் இருத்தல் கூடும். அழைத்தவுடன் திரும்பும் நாயே உயிரோடு வீடு சேரும். ஆகவே ‘வா’ என்னும் சொல்லுக்குக் கீழ்ப்படிதலே முதற் பாடம். அயற் கமக்காரர் நாலைந்து பேர் தத்தம் குட்டிகளை ஓரிடத்திற் கூட்டி இதனைக் கற்பித்தல் நன்று. ஏனெனில், வயலிலும் பிற நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கையிலேயே அச்சொல் அதன் செவியில் ஏற வேண்டும்.

இத்தகைய பயிற்சியில், முதலிற் துள்ளிவந்த குட்டி சிறிது நேரத்தில் நிலத்தை முகர்ந்தும், கொட்டாவி விட்டும், காதைச் சொறிந்தும், முகத்தைத் திருப்பியும் நிற்பதுண்டு. இதனைச் சோம்பல் அல்லது பிடிவாதம் எனக் கருதி அடிப்போர் பலர். உண்மையில் இவை பெரும்பாலும் களைப்பினதும் மனக்குழப்பத்தினதும் அறிகுறிகளாகும். அடியுண்ட குட்டி ‘வா’ என்ற சொல்லை அடியுடன் சேர்த்தே நினைவிற் கொள்ளும். பின்னர் அழைக்க அழைக்க விலகி ஓடும்.

ஊக்கம் குன்றுவதற்கு முதற் காரணம் பாடத்தின் நீளம். நாலு அல்லது ஐந்து மாதக் குட்டிக்கு ஒரு தடவையில் ஐந்து நிமிடம் போதும். பின்னர் நிழலில் ஓய்வும் நீரும் கொடுத்து, மற்றக் குட்டிகளின் முறை முடிந்தபின் மீண்டும் தொடங்கலாம். குட்டி இன்னும் ஒருமுறை செய்ய விரும்பும்போதே நிறுத்துதல் வேண்டும். அலுக்கும்வரை நடத்திய பாடம் மறுநாளும் அலுப்பையே தரும். நாய் மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கும். ஆதலால் வெயில் ஏறுமுன் காலையிலோ, வெயில் தணிந்த மாலையிலோ பயிற்சியை நடத்துக.

இரண்டாவது, வெகுமதி. வீட்டில் சோற்றுருண்டைக்கு ஓடிவரும் குட்டி, பிற நாய்களின் நடுவே அதனைப் பொருட்படுத்தாது. அவித்த ஈரலையோ முட்டையையோ விரல்நுனி அளவான துண்டுகளாக்கிக் கொண்டுவருக. உப்புக் கருவாடு ஆகாது; வெங்காயம் சேர்ந்த கறி நாய்க்கு நஞ்சாகும் என்பதை வெங்காயச் செய்கையாளர் சிறப்பாக மனதிற் கொள்க. பாற்பல் விழும் பருவத்தில் ஈறு நோவதால் மென்மையான துண்டே தகும். குட்டி வந்த அந்தக் கணத்திலேயே அதனைக் கொடுத்தல் வேண்டும். பையைத் தேடி எடுப்பதற்குள் குட்டி எதற்குக் கிடைத்தது என்பதை மறந்துவிடும். உணவை விட விளையாட்டை விரும்பும் குட்டிகளும் உள. கண்ணிவெடி தேடும் நாய்கள் பலவற்றுக்கு ஓர் இறப்பர்ப் பந்தே கூலி.

மூன்றாவது, இடைவெளி. தொடக்கத்தில் குட்டிகளை இருபது அடிக்கு மேற்பட்ட தூரத்தில் நிறுத்தி, நாளடைவில் நெருங்கச் செய்க. அஞ்சும் குட்டியை ஓரத்தில் நிறுத்துக. ஒரு வீட்டில் ஒருவர் ‘வா’ என்றும் மற்றொருவர் ‘வரென்’ என்றும் அழைத்தால் குட்டி குழம்பும்; ஒரு சொல்லையே எல்லோரும் வழங்குக. அச்சொல்லை ஒருமுறை சொல்லிக் காத்திருத்தல் வேண்டும். பத்து முறை கூறினால் அது மழையொலிபோலாகும். கமக்காரர் கூடினால் குட்டிகளிலும் பார்க்க அவர்களே அதிகம் ஓசையிடுவதும் உண்டு!

விசர்நாய்த் தடுப்பூசியும் பிற தடுப்பூசிகளும் முற்றுப்பெற்ற குட்டிகளையே கூட்டத்திற் சேர்த்தல் வேண்டும். இவை பற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து அறிக.

தும்புக் கயிற்றின் மறுமுனையிலிருந்து, மற்ற நாய்கள் அருகில் நிற்க, அழைத்த ஒவ்வொரு முறையும் வருமாயின் குட்டியை வயலுக்குக் கொண்டுசெல்லலாம். அங்கும் முதற் சில வாரங்கள் கயிற்றை அவிழ்க்கலாகாது. குரங்கைக் கண்டு குரைத்தவுடன் அழைத்து, வந்ததும் ஈரற் துண்டைக் கொடுத்து, மீண்டும் குரைக்க விடுக.