புது நிக்ஸி குழாய் வாங்கலாமா?

கேள்வி: நியான் நிரப்பிய கண்ணாடிக்குள் எண்கள் ஒளிரும் நிக்ஸி குழாய்களை வைத்து வீட்டுக்கு ஒரு கடிகாரம் செய்ய ஆசை. இப்போது புதிதாகவும் இந்தக் குழாய்களைத் தயாரிக்கிறார்களாம். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. அவ்வளவு கொடுத்து வாங்கலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வாங்கலாம், ஆனால் முதல் கடிகாரத்துக்கு வேண்டாம்.

'புதியது' என்று விற்கப்படும் குழாய்களில் பல, சோவியத் காலத்தில் செய்து, பயன்படுத்தாமல் கிடங்கில் கிடந்தவை. ஐஎன்-12, ஐஎன்-14 இரண்டும் அந்த ரகம். அவற்றில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2தான், பார்த்ததுமே தெரிந்துவிடும்.

உண்மையிலேயே இன்று செய்பவர்களில் பெயர் பெற்றவர் செக் குடியரசின் டாலிபோர் ஃபார்னி. பழைய கிழக்கு ஜெர்மனியின் இசட்568எம் குழாயை முன்மாதிரியாகக் கொண்ட அவருடைய ஆர்இசட்568எம் குழாயில் எண்ணின் உயரம் 50 மில்லிமீட்டர். கண்ணாடியை உருக்கி மூடுவது, காற்றை உறிஞ்சி நியான் நிரப்புவது என ஒவ்வொன்றும் கைவேலை. அதனால்தான் ஒரு குழாயின் விலை நூறு டாலரைத் தாண்டுகிறது. தபால் செலவும் சுங்க வரியும் தனி. ஆறு குழாய்க்குப் பதில் நான்கு குழாயில் மணியும் நிமிடமும் மட்டும் காட்டினால் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

குழாய் புதிதோ பழையதோ, மின்சாரத்தில் சலுகை கிடையாது. எரியத் தொடங்கச் சுமார் 170 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். எரியத் தொடங்கியபின் குழாயின் குறுக்கே ஏறக்குறைய 140 வோல்ட் நிற்கும். மிச்ச வோல்ட்டைத் தாங்க ஆனோடில் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். 180 வோல்ட் கொடுத்து 2.5 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால், 40 வோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுங்கள்: 16 கிலோ ஓம். உங்கள் குழாய்க்கு எத்தனை மில்லி ஆம்பியர் என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் பிளக்கின் 230 வோல்ட்டை நேரடியாக டையோடில் திருத்திக் கொடுக்கவே கூடாது. கெபாசிட்டரில் அது 325 வோல்ட் வரை ஏறும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் சர்க்யூட்தான் சரியான வழி. அதிலும் அணைத்த பிறகு கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் போடுங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்க மின்னோட்டத்தைக் குறைக்காதீர்கள். எண்ணின் ஒரு பகுதி மட்டும் எரியும். வேகமாக அணைத்து எரியவிடும் பல்ஸ் முறைதான் நல்லது.

ஆயுளைக் குறைக்கும் இன்னொரு சங்கதி உண்டு. எரியும் எண்ணிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள் எரியாத எண்களின் மேல் படியும். மணியின் பத்தாம் இடத்தில் 0, 1, 2 மட்டுமே வருவதால் மற்ற ஏழும் நாளடைவில் திட்டுத்திட்டாகத்தான் எரியும். இரவில் சில நிமிடம் 0 முதல் 9 வரை எல்லா எண்களும் மாறி மாறி எரியும்படி புரோகிராம் எழுதிவிடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கடிகாரம் அணைந்துவிட்டால் ஆயுள் இன்னும் கூடும்.

முதலில் மலிவான ஐஎன்-12 வாங்கி, சர்க்யூட்டைப் பழகுங்கள். அது சில மாதம் தகராறில்லாமல் ஓடினால், புதுக் குழாய்க்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.